வரையறை என்பது வேலியா, வேரா?

விஷ்ராந்த்வாடியில் பாத்திரக்கடை வைத்து ரொம்ப வருஷமாயிற்று. இன்றும் புதிதாக அறிமுகமாகும் தமிழ் அன்பர், "நீங்க ஜைனரா? அப்போ மார்வாடின்னு சொல்லுங்க" என்பார். வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம், வீட்டுமொழி தமிழ்தான் என்று விளக்குவேன். அவர் மனத்தில் உள்ள வரையறை லேசில் மாறாது. ஆகவே வரையறை என்பதையே கொஞ்சம் சோதிப்போம்.

பேரினத்தையும் அதனுள் ஒரு பொருளைப் பிரிக்கும் சிறப்பு வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால் அப்பொருளின் சாரம் விளங்கும் என்பது அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) வழி வந்த கொள்கை. 'மனிதன் பகுத்தறிவுள்ள விலங்கு' என்பது அதற்குப் பிரசித்தமான உதாரணம். இவ்வழியில் நின்ற இப்னு சீனாவே (980–1037) உண்மையான வரையறை அமைப்பது மிகக் கடினம் என்று ஒப்புக்கொண்டார்.

1186இல் 'ஹிக்மத்துல் இஷ்ராக்' நூலை முடித்த சுஹ்ரவர்தி இன்னும் ஒரு படி போனார். அந்தச் சிறப்பு வேறுபாடு வேறெங்கும் இல்லாதது என்றால், பொருளை அறியாதவனுக்கு அதுவும் தெரியாது; தெரியாததைக் கொண்டு தெரியாததை விளக்குவது எப்படி? சாரமான கூறுகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்பதற்குத்தான் என்ன உறுதி?

டமாஸ்கஸ் சிறையில் 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா தத்துவவாதிகளையே எதிர்த்த மார்க்க அறிஞர். அவர் கேட்டது: வரையறுத்தவர் அப்பொருளை எப்படி அறிந்தார்? இன்னொரு வரையறையால் என்றால் அதற்கு முடிவே இல்லை. வரையறை இல்லாமலே அறிந்தார் என்றால் மற்றவர்களும் அப்படி அறியலாமே! தொழிலாளர்கள் தர்க்கம் படித்தா தொழிலை அறிகிறார்கள்? ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதே வரையறையின் பயன் என்றார்.

இதைப் படித்தபோது எனக்கு அகளங்கர் நினைவு வந்தது. நம் கரந்தை, திருப்பணமூர் மக்கள் இன்றும் போற்றும் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஆசாரியர் அவர். கலந்து கிடக்கும் பொருள்களில் ஒன்றை வேறாகக் காட்டுவதே இலக்கணம் என்பது 'தத்துவார்த்த ராஜவார்த்திகம்' தரும் கருத்து. இதை வைத்து, "அரபியர் நம்மிடம் கற்றார்கள்" என்று மார்தட்டக் கூடாது. அதற்குச் சான்று இல்லை. இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்த இடம் என்பதே போதுமான பெருமை.

ஆனால் இப்னு தைமிய்யாவை நான் முழுதும் ஒப்பவில்லை. சுண்டிப் பார்த்தால் வெண்கலம் கணீரென்று ஒலிக்கும், பித்தளை அப்படி ஒலிக்காது. வாங்குகிறவருக்கு அந்த அடையாளம் போதும். வார்க்கிற கன்னாருக்குப் போதாது. செம்போடு வெள்ளீயமா, துத்தநாகமா என்று அவர் அறிந்தாக வேண்டும். கிரேக்கர் தேடியது அந்த உள்ளமைப்பை. தேடியது தவறில்லை, ஒரு வாக்கியத்தில் அது அகப்பட்டுவிடும் என்று நம்பியதே தவறு. நம் 'நியாயதீபிகை'யில் தருமபூஷணர் இரண்டுக்கும் இடம் தருகிறார்: நெருப்பின் சூடு பொருளோடு ஒன்றிய இலக்கணம், தடி ஏந்தியவனுக்குத் தடி வெளியே நிற்கும் இலக்கணம்.

இலக்கணம் பொருளின் ஒரு பகுதியை மட்டும் தழுவினால் அது அவ்வியாப்தி என்னும் குற்றம். நன்னூல் அறிந்தவர்களுக்குக் 'குன்றக் கூறல்' ஞாபகம் வரும். 'ஜைனர் என்றால் மார்வாடி' என்பது அந்த ரகம்.

நாமும் அதே குற்றத்தைச் செய்கிறோம். மராத்தி மண்ணில் வளரும் நம் பிள்ளைகளைப் பார்த்து, "தமிழ் படிக்கத் தெரியாதவன் என்ன தமிழன்?" என்கிறோம். படிக்கக் கற்றுக்கொடுப்போம், அது நம் கடமை. ஆனால் அதையே வரையறையாக்கினால், எழுத்தே அறியாமல் நமக்குத் தமிழ் ஊட்டிய பாட்டிமார்களையும் வெளியே நிறுத்திவிடுவோம்.