பாதிப் பூமியில் ஒரு சமையல் சோதனை

கணிப்பொறி விளையாட்டில் மூழ்கியிருக்கும் ஒருவன் திடீரென்று அந்த விளையாட்டு உலகிற்குள்ளேயே போய் விழுந்தால் என்ன ஆகும்? இக்கேள்வியை வைத்து ஜப்பானிய எழுத்தாளர்கள் பலர் இணையத்தில் தொடர்கதைகளை எழுதிக் குவித்துள்ளனர். பலவற்றில் கதாநாயகன் வாளைச் சுழற்றுவான், எதிரிகள் வீழ்வார்கள், அவ்வளவுதான். மமாரே தோனோ 2010ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லாக் ஹொரைசன்’ சற்று மாறுபட்டது. 2011 முதல் நூலாகவும், 2013இல் என்.எச்.கே. தொலைக்காட்சியில் சித்திரத் தொடராகவும் அது வெளிவந்தது. அதை விஞ்ஞானக் கண்கொண்டு பார்ப்போம்.

‘எல்டர் டேல்’ என்னும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த ஜப்பானியர் சுமார் 30,000 பேர் ஒரே நேரத்தில் அவ்வுலகில் சிக்கிக்கொள்கின்றனர். அங்கே மாண்டவர் மீண்டும் எழுகின்றனர். ஆனால் ஒவ்வொரு முறையும் பழைய நினைவுகளில் சிறிது அழிந்து போகிறது. சட்டமும் இல்லை, அரசும் இல்லை. பொறியியல் மாணவனான ஷிரோயே அங்கே ஒரு சமுதாயத்தை அமைக்க முயல்கிறான்.

சுவையற்ற உணவு

கதையின் சிறந்த பகுதி சாப்பாட்டைப் பற்றியது. அவ்வுலகில் பொருள்களைப் பட்டியலில் தேர்ந்தெடுத்தால் போதும், நொடியில் உணவு தயார். பார்வைக்குப் பிரமாதம், வாயில் வைத்தாலோ நமத்துப்போன அப்பளத்தை உப்பில்லாமல் மென்றது போல் இருக்கும். பட்டியலை விட்டுவிட்டுக் கையால் சமைத்தால், சமையல் திறன் பெறாதவருக்கு உணவு பாழாகிறது. சமையல் திறன் பெற்ற ஞான்டா என்பவர் தாமே இறைச்சியை அறுத்து, தீயில் வாட்டுகிறார். சுவை வந்துவிடுகிறது!

இதில் என்ன விந்தை என்கிறீர்களா? திறன் மட்டும் இருந்தால் சுவை இல்லை. கைவேலை மட்டும் இருந்தாலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனை முறையல்லவா இது? வாய்பாட்டில் எண்ணைப் போட்டு விடையெடுத்துவிட்டுத் திருப்தியடையும் நம் வகுப்பறைப் பழக்கமும் ஒருவகைப் பட்டியல் சமையல்தான். விடை வரும், சுவை வராது.

எடை எங்கே போயிற்று?

இனி குறையைப் பார்ப்போம். அவ்வுலகம் நம் பூமியின் பாதி அளவில் அமைந்தது, தூரங்களெல்லாம் பாதி. அப்படியானால் ஆரமும் பாதி. பரப்பு நான்கில் ஒன்று. கனஅளவு எட்டில் ஒன்று. அடர்த்தி மாறாவிட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.8இலிருந்து 4.9 மீட்டர்/வினாடி² ஆகக் குறையும். வில் தராசில் 60 கிலோ காட்டும் மனிதர் அங்கே 30 கிலோதான் காட்டுவார். எடை மாறாமலிருக்க வேண்டுமானால் சராசரி அடர்த்தி இரு மடங்காக வேண்டும். 5.5 கிராம்/க.செ.மீ. என்பது 11 ஆகும். இது ஏறத்தாழ ஈயத்தின் அடர்த்தி! தொடுவானமும் அருகில் வந்துவிடும். 1.6 மீட்டர் உயரக் கண்ணுக்கு அது இங்கே 4.5 கிலோமீட்டரில் தெரியும், அங்கே 3.2 கிலோமீட்டரில். ஆனால் கதை மாந்தர் எவரும் இவற்றைக் கண்டு வியப்பதில்லை. உப்பைச் சோதித்த ஆசிரியர் ஒரு கல்லையும் கீழே போட்டுப் பார்த்திருக்கலாம்.

மற்றொன்று நீராவி எந்திரம். கைவேலையின் இரகசியம் தெரிந்ததும் உற்பத்திக் குழுக்கள் விரைவிலேயே அதைச் செய்துவிடுகின்றன. உண்மை வரலாறோ வேறு. நியூகோமனின் எந்திரம் 1712இல் இயங்கியது. ஜேம்ஸ் வாட் தம் திருத்தத்திற்கு 1769இல் காப்புரிமை பெற்றார். ஆனால் நீராவி கசியாதபடி உருளையைத் துல்லியமாகக் குடையும் வழி வேண்டியிருந்தது. 1774இல் ஜான் வில்கின்சனின் துளையிடும் எந்திரம் அதற்கு உதவியது. 1776இல்தான் வாட்டின் எந்திரங்கள் வேலைக்கு வந்தன. கருத்து தெரிந்தால் போதாது. கருவியும் கைத்திறனும் வேண்டும். சமையலில் இக்கதை அழகாகச் சொன்ன இவ்வுண்மையை எந்திரத்தில் மறந்துவிட்டது.

ஆயினும் இது படிக்கத்தக்க கதையே. விளையாட்டின் விதிகளை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே பசியாறினார்கள். விதிக்கு அப்பால் செய்து பார்த்தவரே ருசியறிந்தார். பேனாவும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆசிரியர் போடாமல் விட்ட கணக்குகளை நீங்கள் போடலாம். முதல் கணக்கு: அப்பாதிப் பூமியின் அடர்த்தி மாறாவிட்டால் அதன் விடுபடு வேகம் என்ன?