பத்துத்தூண்

மதுரை திருமலை நாயக்கர் மஹாலுக்குள் நுழைகிறவர்களில் பலர் தேடுவது நாயக்கரை அல்ல. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டை. "இந்தத் தூண்தானே?" என்று கேட்டு, அதனருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். போன தடவைதான் உறைத்தது: என் கண்ணும் அதே தூணைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

ராஜீவ் மேனனின் காமிரா பொய் சொல்லவில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அது கலையின் உரிமை. கோளாறு நம்மிடம். காமிரா விட்டதை நாமும் விட்டுவிடுகிறோம். 1636 வாக்கில் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது சுமார் கால்பங்கு. திருமலையின் பேரன் சொக்கநாதர், திருச்சியில் தமக்கு அரண்மனை கட்ட இதில் பெரும்பகுதியை இடித்தார். எஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் கவர்னர் நேப்பியர் செப்பனிட்டார். திரையில் இந்த இழப்பு இல்லை. அங்கே மஹால் முழுசாக இருக்கிறது.

சற்று நடந்தால் பத்துத்தூண் சந்து. இடிபட்ட அந்த அரண்மனையின் பத்துத் தூண்கள், ஜவுளிக் கடைகளுக்கு நடுவே, எதையும் தாங்காமல் நிற்கின்றன. பார்க்கச் சீட்டு வேண்டாம். நான் நின்ற அரைமணி நேரத்தில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கவிதையை நாம் வாசிப்பதும் இப்படித்தான். முன்பே யாரோ சிலாகித்துவிட்ட வரியைத் தேடிப் போகிறோம். கண்டதும் கவிதையைக் கண்டுவிட்டதாகத் திரும்புகிறோம். மற்ற வரிகள் சந்தில் நிற்கின்றன.