கரையை எந்தப் பக்கம் வெட்டுவது?

2025 பிப்ரவரியில், ‘2024 ஒய்ஆர்4’ என்ற சிறுகோள் பற்றிய செய்தி ஓடிக்கொண்டிருந்த நாட்களில், ஐயங்கார்குளம் ஏரிக்கரையில் ஒரு பெரியவரிடம் அதைச் சொன்னேன். 40 முதல் 90 மீட்டர் வரையிலான கல். 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கு நூற்றுக்கு 3 வாய்ப்பு. ராக்கெட்டை மோதவிட்டுத் திசைமாற்றலாமா என்று பேசுகிறார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தள்ளி வுடறாங்கன்னா எந்தப் பக்கம் தள்ளுவாங்க? ஏரி ஒடையற நேரத்துல கரைய வெட்டி வுடறவன் தன் கயனி பக்கமா வெட்டுவான்?”

அந்தக் கல் மோதாது என்று அடுத்த சில வாரங்களிலேயே கணக்கு தெளிந்துவிட்டது. பெரியவரின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

முதலில் நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சோத்துக்கே வழியில்லை, வானத்துக் கல்லைப் பற்றி என்ன பேச்சு?’ என்று ஒதுக்குவது சுலபம். 2013 பிப்ரவரி 15 அன்று ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்தது சுமார் 20 மீட்டர் கல்தான். காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி சிதறியதால் வந்த காயம். வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலருகே போனவர்களை, பின்னால் வந்த அதிர்வு அடித்தது. ஆபத்து நிஜம். திசைமாற்றுவதும் கற்பனை அல்ல. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் ‘டார்ட்’ விண்கலம் டைமார்ஃபஸ் மீது மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்துக் காட்டியது. ஆகவே பிரச்சினை அறிவியலில் இல்லை. ‘மனித குலத்தைக் காப்போம்’ என்ற வாக்கியத்தில், யார் என்று சொல்லாமல் ஒளிந்திருக்கும் ‘நாம்’ என்கிற எழுவாயில் இருக்கிறது.

சிறுகோளின் பாதை துல்லியமாகத் தெரியாதபோது, அது விழக்கூடிய இடங்கள் பூகோளத்தின் மேல் ஒரு நீண்ட கோடாக வரையப்படுகின்றன. ஒய்ஆர்4-க்கு அந்தக் கோடு கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை நீண்டது. கல்லை இடிப்பது என்றால், அது விழும் புள்ளியை இந்தக் கோட்டின் மேல் நகர்த்துவது. முழுசாக நகர்ந்தால் எல்லோரும் தப்பினோம். பாதியில் நின்றால் ஒருவன் தலைக்கு வந்தது இன்னொருவன் தலையில். இந்த ‘பாதி’யை யார் தீர்மானிப்பது? 1994இலேயே கார்ல் சாகனும் ஸ்டீவன் ஆஸ்ட்ரோவும் இதைவிடக் கடுமையாக எச்சரித்தார்கள்: கல்லை விலக்கத் தெரிந்த கைக்கு, விலகிப் போகும் கல்லைப் பூமியை நோக்கித் திருப்பவும் தெரியும்.

ஐ.நா. பரிந்துரையின்படி 2014இல் கூடத் தொடங்கிய ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அதில் உட்காருபவை விண்வெளி நிறுவனங்கள். ராக்கெட் வைத்திருப்பவன் பேசுவான். கோட்டின் கீழே குடிசை வைத்திருப்பவன் கேட்டுக்கொள்வான்.

இது நமக்குப் புதிதல்ல. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகனின் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் 6 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஜனநாயகம் என்று மார்தட்டுகிறோம். குடத்தில் யார் பெயர் போடலாம்? வரி கட்டும் கால் வேலி நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேத சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கு மண் சுமந்தவன் ஓலை குடத்துக்குள் விழவே இல்லை. ஐயங்கார்குளம் ஏரியும் வெட்டுவித்த தாதாச்சாரியாரைத்தான் நினைவு வைத்திருக்கிறது, வெட்டியவர்களை அல்ல. நிலத்தின் இடத்தில் ராக்கெட், வேதத்தின் இடத்தில் வானியல் என்று மாற்றிப் பாருங்கள், வாரியம் அப்படியே இருக்கிறது.

பெயர்களும் அப்பாவித்தனமானவை அல்ல. 1980களின் கடைசியில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான்நோக்கு நிலையத்தில் சிறுகோள் தேடும் திட்டம் ஒன்று நடந்தது. 1988 பிப்ரவரியில் ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர். பெருமைப்படலாம். ஆனால் திட்டத்தின் பெயர் ‘கல்கி’. அது அழிக்க வரும் கல்லின் பெயரா, அதைப் பார்த்துச் சொல்பவனின் பெயரா? புராணக் கல்கி வருவதே வருண தருமத்தை மீட்கத்தானே? மலையின் பழங்குடிகள் நடுவே நின்றுகொண்டு, உலக முடிவைச் சொல்ல நம் அறிவியலுக்கு இந்த ஒரு சொல்தானா கிடைத்தது?

இன்னொரு தேதி. 2004 டிசம்பர் 27 அன்று, அபோபிஸ் என்ற சிறுகோள் 2029இல் மோதும் வாய்ப்பு 37இல் 1 என்று வானியலாளர்கள் கணக்கிட்டார்கள். அன்றே பழைய படங்கள் கிடைத்து ஆபத்து நீங்கியது. அதற்கு முந்தின நாள்தான் சுனாமி. நிலநடுக்கத்துக்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையே சுமார் இரண்டு மணி நேரம் இருந்தது. நாகப்பட்டினத்துக்கு ஒரு குரல் வரவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் தொடங்கியது 2007இல். வானத்தைப் பார்த்தவர்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. 25 வருஷம் தள்ளி வரும் கல்லுக்குக் கணக்கு இருந்தது, இரண்டு மணி நேரத்தில் வரும் அலைக்கு இல்லை. அறிவு எந்தப் பக்கம் முதலில் பாய்கிறது என்பதும் மடை திறக்கிறவன் கையில்தான்.

2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் ஆபத்தில்லாமல் கடந்து போகும். அதற்குள் நம் மொழியில் இந்த விவாதம் தொடங்க வேண்டும். திசைமாற்றும் முடிவை எடுக்கும் சபையில் கோட்டின் கீழிருக்கும் நாடுகளுக்கு வாக்கு வேண்டும். எச்சரிக்கை, கணக்கு தெரிந்தவர்களோடு நில்லாமல் கடைசிக் குப்பம் வரை, புரிகிற தமிழில் போய்ச் சேர வேண்டும். காப்பாற்றுகிறேன் என்று வருகிறவனிடம் ‘எந்தப் பக்கம் வெட்டுவே?’ என்று கேட்பது நன்றிகெட்டதனம் இல்லை. பள்ளத்தில் வீடு வைத்திருப்பவன் பேச வேண்டிய முதல் அரசியல் அதுதான்.