ரூபேயின் கற்களும் ரசிகர்களின் கைகளும்

2025 ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சித்திரை ஒன்று. அன்று மாலை பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் வடசென்னையில் சொற்பம்தான் இருந்திருப்பார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தலையில் கைவைத்திருப்பார்கள். முன்னால் இரண்டே பேர். ஒருவர் நெதர்லாந்தின் மாத்தியூ வான் டெர் பூல். இன்னொருவர் ஸ்லோவேனியாவின் தாடேய் பொகாச்சார், அன்றைய உலகச் சாம்பியன், முந்தைய ஆண்டு டூர் டி பிரான்ஸ் வென்றவர், அதற்கு முந்தைய வாரம்தான் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தையும் வென்றிருந்தார். ரூபேயில் இதுதான் அவருக்கு முதல் தடவை. முடிய இன்னும் 38 கி.மீ. வலப்பக்கத் திருப்பம் ஒன்றில் பொகாச்சார் வேகத்தைத் தப்பாகக் கணித்து நேரே போய் ஓரத்தில் விழுந்தார். எழுந்து ஓட்டினார், பிறகு சைக்கிளையும் மாற்றினார். ஆனால் போனது போனதுதான். வான் டெர் பூல் தனியாகவே ரூபே மைதானத்துக்குள் நுழைந்தார். பொகாச்சார் 1 நிமிடம் 18 விநாடி கழித்து வந்தார். மூன்றாவது, டென்மார்க்கின் மேட்ஸ் பெடர்சன்.

அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சி. ‘விழாமல் இருந்திருந்தால் பொகாச்சார்தான்’ என்பது ஒரு கட்சி. நான் அடுத்த கட்சி, எனக்கு அதில் உடன்பாடில்லை. மலைப் பந்தயத்தில் இப்படிக் கேட்கலாம், ரூபேயில் கேட்கக் கூடாது. இங்கே ரோடும் ஒரு போட்டியாளர்.

அந்த ஆண்டுப் பாதை 259 கி.மீ. அதில் 55 கி.மீ. கருங்கல் பாவிய பழைய வண்டிப்பாதை, மொத்தம் 30 துண்டுகளாக. நடுவில் முதுகு போல உயர்ந்திருக்கும், இரு ஓரமும் பள்ளமாகச் சரியும். முதுகின்மேல் ஓட்டினால் குலுக்கல் கொஞ்சம் குறைவு. ஓரத்துக்கு இறங்கினால் கல்லின் கூர்முனை டயரைக் கிழிக்கும். அதனால்தான் ஒவ்வொரு துண்டுக்கு முன்பும் முன்வரிசைக்கு அப்படி ஒரு அடிதடி நடக்கிறது. டயர் வேலை தெரிந்த திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: ஒரு காலத்தில் விரல் தடிமனில் இருந்த ரேஸ் டயர் இப்போது 32 மி.மீ., அதற்கு மேலும் போய்விட்டது. காற்றும் குறைவாகத்தான் அடிக்கிறார்கள். அப்படியும் பெடர்சன் முக்கியமான நேரத்தில் பஞ்சராகி முன்னணியை இழந்தார். வான் டெர் பூலே கடைசிப் பெரிய கல்பாதையில் பஞ்சர் ஆனார், சைக்கிளை மாற்றிக்கொண்டு போய்த்தான் ஜெயித்தார். அதிர்ஷ்டம் ஒருவர் பக்கம் மட்டும் நின்றது என்று எப்படிச் சொல்வது? வான் டெர் பூலுக்கு இது தொடர்ந்து மூன்றாவது ஆண்டு வெற்றி. அப்படி வென்றவர்கள் அவருக்கு முன் இருவர்தான்: லாபீஸ் 1909 முதல் 1911 வரை, மோசர் 1978 முதல் 1980 வரை.

இந்தப் பந்தயம் பிறந்த மண்ணைப் பார்த்தால் நமக்கு அந்நியமாகத் தெரியாது. ரூபே நெசவாலை ஊர். 1896இல் பந்தயத்தைத் தொடங்கியதே இரண்டு ஆலை முதலாளிகள். கட்டிய மைதானத்துக்குக் கூட்டம் வேண்டுமே! சுற்றியுள்ளது நிலக்கரிச் சுரங்க நாடு. எல்லோரும் நடுங்குகிற ஆரன்பெர்க் காட்டுக் கல்பாதையைப் பந்தயத்துக்குள் கொண்டுவரச் சொன்னவர் ஷான் ஸ்டாப்லின்ஸ்கி. உலகச் சாம்பியன் ஆவதற்கு முன் அந்தக் காட்டுக்கு அடியில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1968இல் பந்தயம் அவர் காட்டிய வழியில் போனது. ஆலை மூடியது, சுரங்கம் மூடியது, பந்தயம் மட்டும் மிஞ்சியது. பின்னி மில் மூடியதைப் பார்த்த பெரம்பூருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் ரேஸ் சைக்கிள் வைத்திருப்பவர்கள் விடிகாலையில் வழவழப்பான ஈசிஆர் சாலையைத் தேடித் தெற்கே போகிறார்கள். ரூபேக்குப் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் பக்கம்தான் வர வேண்டும். யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒரு கட்டத்தில் அந்தக் கல்பாதைகளே காணாமல் போக இருந்தன. டிவியில் நம் ஊர் இப்படிப் பட்டிக்காடாகத் தெரிகிறதே என்று மேயர்கள் வெட்கப்பட்டுத் தார் ஊற்றினார்கள். அப்போது குறுக்கே நின்றவர்கள் ரசிகர்கள். ‘பாரிஸ்–ரூபே நண்பர்கள்’ என்று சங்கம் அமைத்து, பெயர்ந்த கல்லை எடுத்து, மண் போட்டு, மறுபடி அடுக்குகிறார்கள். பக்கத்துத் தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் கூட வந்து உழைக்கிறார்கள். 2024இல் ஆரன்பெர்க்கில் புல்லை மேய ஆடுகளையே இறக்கிவிட்டார்கள். தனக்குப் பிடித்த விளையாட்டின் களத்தைத் தன் கையால் செப்பனிடுகிற ரசிகர் கூட்டம் வேறு எந்த ஆட்டத்துக்கு இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று எதுவும் வரவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ரசிகரும் இருந்தார். தனியாகப் போய்க்கொண்டிருந்த வான் டெர் பூலின் முகத்தில் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை வீசினார். மணிக்கு நாற்பது கி.மீ.க்கு மேல் வருகிற மனிதரின் மூக்கில் அது பட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவராக அவர் இருக்க முடியாது. முந்தைய ஆண்டு இதே பந்தயத்தில் இன்னொருவர் வான் டெர் பூலின் சக்கரத்தை நோக்கித் தொப்பியை எறிந்தார். அதே 2025 மார்ச்சில் பெல்ஜியத்தில் ஒருவர் அவர்மீது துப்பினார். வான் டெர் பூலும் புத்தர் இல்லை. 2023 டிசம்பரில் ஒரு சேற்றுப் பந்தயத்தில் தன்னைச் சீண்டிய கூட்டத்தின் மீது அவரே துப்பி அபராதம் கட்டியவர். ஆனால் பாட்டில் விஷயத்தில் அவர் தரப்பு புகாரில் இறங்கியது முழுக்கச் சரி. வீசியவர் பிற்பாடு தானாகவே போலீஸிடம் போனார்.

இந்த ஆத்திரம் ராயபுரத்துக்குப் புரியாத ஒன்றல்ல. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டை ரசிகர்கள் பிரிந்து நின்ற காலத்துக் கதைகள் இன்றும் இங்கே டீக்கடையில் உலவுகின்றன. உள்ளே ஒருவர் விழுந்தால் வெளியே பத்துப் பேர் மோதிக்கொண்ட கதைகள் அவை. ஆனாலும் ரிங்குக்குக் கயிறு உண்டு. ரசிகரின் கை அதைத் தாண்டினால் ஊரே பார்க்கும். சைக்கிள் பந்தயத்தில் கயிறு கிடையாது. கையை நீட்டினால் உலகச் சாம்பியனின் தோள் தட்டுப்படும். அந்த நெருக்கம்தான் இந்த விளையாட்டின் சொத்து. பொகாச்சாரைத் தள்ளிவிட்டது திருப்பம், பெடர்சனைப் பிடித்து வைத்தது பஞ்சர். இரண்டையும் நான் பந்தயக் கணக்கில் எழுதுவேன். பாட்டில் மோதி வான் டெர் பூல் விழுந்திருந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? அன்று பொகாச்சார் ஜெயித்திருந்தாலும் அந்த வெற்றி அவருக்கே கசந்திருக்கும்.

259 கி.மீ.க்கும் தடுப்பு வைக்க முடியாது. வம்பு கிளம்பும் கல்பாதைகளில் மட்டும் கம்பி கட்டலாம், கேமராவில் சிக்குபவர் மீது வழக்குப் போடலாம். கல்பாதைகளை அடைத்து டிக்கெட் போட்டு விற்கலாம் என்றும் யாராவது கிளம்புவார்கள், ஃபிளாண்டர்ஸ் மேடுகளில் காசு கட்டிப் பார்க்கும் கூடாரங்கள் ஏற்கெனவே வந்தாயிற்று. ரூபேயில் அதைச் செய்தால் முதலில் கம்பிக்கு வெளியே நிற்கப்போவது பாட்டில் வீசுகிறவர்களாக இருக்காது, வருஷம் பூரா கல் அடுக்குகிறவர்களாகத்தான் இருக்கும்.