ஒற்றை வாட்டில் நிறையும் அறை

அம்மன் கோயில் கொடையில் வேப்பமரத்து உச்சியில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் பக்கத்து ஊர்வரை கேட்கும். குறுகிய தொண்டையில் தொடங்கி அகன்ற வாயாக விரியும் அதன் வடிவம், உள்ளே துடிக்கும் சிறு தகட்டின் விசையைச் சிந்தாமல் காற்றில் ஏற்றிவிடுகிறது. வீட்டில் வைக்கும் சாதாரண ஸ்பீக்கரோ வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை, மீதியெல்லாம் வெப்பம்.

உயர்திறன் ஸ்பீக்கர் மரபு இந்தக் குழாயிலிருந்தே கிளைத்தது. 1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வந்து பேசும்படக் காலம் பிறந்தபோது, அன்றைய வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் தந்தது சில வாட்தான். அதை வைத்தே அரங்கை நிறைக்க, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் திரைக்குப் பின்னால் பிரம்மாண்டக் குழாய்களை நிறுத்தியது. ஆல்டெக் லான்சிங்கின் ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’ அந்தத் தியேட்டர் பள்ளியின் வாரிசு.

அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸைச் சேர்ந்த பால் கிளிப்ஷ். குழாயை மடித்துப் பெட்டிக்குள் அடைத்து, பெட்டியை அறை மூலையில் வைத்தார். இரண்டு சுவர்களும் குழாயின் நீட்சியாயின. 1946-இல் அவர் தொடங்கிய நிறுவனம் ‘கிளிப்ஷ்ஹார்ன்’ என்ற அந்த மூலை ஸ்பீக்கரை இன்றும் செய்கிறது. இங்கிலாந்தில் பால் வாய்ட்டின் வழிவந்த லோதர், பலமான காந்தமும் இரட்டைக் கூம்புமாகத் தனிப் பள்ளி.

1954-இல் எட்கர் வில்ச்சரின் ஏஆர்-1 ஸ்பீக்கர் காற்றைத் திசைமாற்றியது. சின்னப் பெட்டியில் ஆழ்ந்த பேஸ்! விலையாகப் போனது திறன். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, உயர்ந்த திறன் மூன்றும் ஒருசேரக் கிடைக்காது என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. டிரான்சிஸ்டரால் வாட் மலிவானதும் திறனைப் பலர் மறந்தார்கள்.

மறக்கக்கூடாத கணக்கு அது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 10 வாட் தின்று எழுப்பும் ஒலியை, 96 டெசிபல் ஸ்பீக்கர் ஒரே வாட்டில் எழுப்பும். எனவே கைக்காசு குறைவென்றால் முதலில் ஸ்பீக்கருக்கே செலவிட வேண்டும். ஓர் அறைக்குச் சுத்தமான 10 வாட் தரும் சிறிய கிளாஸ்-டி ஆம்ப் தாராளம்.

விளம்பர எண்ணில் ஒரு கண் வேண்டும். பல நிறுவனங்கள் 2.83 வோல்ட்டில் அளக்கின்றன. 8 ஓமுக்கு அது ஒரு வாட். 4 ஓமுக்கு இரண்டு வாட். அப்படி அளந்த 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து 3 டெசிபல் கழித்தால்தான் உண்மை தெரியும்.

கடையில் செய்ய வேண்டிய இன்னொரு பரீட்சை இரைச்சல். ஆம்பின் மெல்லிய ‘உஸ்’ஸையும் உயர்திறன் ஸ்பீக்கர் பெரிதாக்கிக் காட்டும். பாட்டே போடாமல் ஒலியளவைக் கூட்டி, உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். இரைச்சல் கேட்டால் வேறு ஆம்ப் பாருங்கள். பிறகு, நன்றாகப் பழகிய தனி ஆவர்த்தனப் பதிவொன்றைப் போடச் சொல்லுங்கள். தாழ்ந்த ஒலியளவிலும் மிருதங்கத்தின் வலந்தலை அடி சுருக்கென்று விழுந்தால், அந்த ஜோடியை வாங்கலாம்.