கடல் கடந்து கிடைக்கும் பட்டம்: தமிழ்நாட்டுச் சதுரங்கமும் நார்ம் வேட்டையும்

தமிழ்நாட்டுச் சதுரங்கத்தைப் பற்றி அண்மையில் எழுதப்படுபவை பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையில் தொடங்கி அதே எண்ணிக்கையில் முடிந்துவிடுகின்றன. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று குகேஷ் உலகச் சாம்பியனான பிறகு, கிராண்ட்மாஸ்டர்களை எண்ணுவது கொண்டாட்டம் என்ற நிலையைக் கடந்து ஒரு வாதமாகவே ஆகிவிட்டது. 2025ஆம் ஆண்டில் இந்தியாவின் 86ஆவது கிராண்ட்மாஸ்டர் முதல் 91ஆவது கிராண்ட்மாஸ்டர் வரை பட்டம் பெற்ற ஆறு பேரில் ஐவர் தமிழ்நாட்டினர் என்பதை எடுத்துக்காட்டி, மாவட்டக் கழகம் முதல் மாநிலக் கழகம் வரையிலான கட்டமைப்பு குறையின்றி இயங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு என்று கேட்கப்படுகிறது. அந்த ஐவரின் ஆற்றலை ஐயுற இடமில்லை. ஆனால், அவர்கள் பெற்ற பட்டம் மாநிலக் கட்டமைப்பின் தரத்துக்குச் சான்றாகுமா என்பது வேறு கேள்வி.

பட்ட முறையின் நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வுக் குழுவின் தயவோ பரிந்துரையோ தேவைப்படாமல், பலகையின் முன் எடுத்த புள்ளிகளைக் கொண்டே தகுதியை நிறுவும் வழி இந்திய விளையாட்டுகளில் மிகச் சிலவற்றிலேயே உண்டு. பட்டம் வேலைவாய்ப்புக்கும் அழைப்புகளுக்கும் அரசின் பரிசுத் தொகைக்கும் வழி திறக்கிறது. சிறு நகரத்துப் பிள்ளைக்கும் பெருநகரப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோலை வைக்கிறது. இவை சிறிய நன்மைகள் அல்ல. எனினும் அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்பதை அதன் விதிகளை விரித்துப் பார்த்தால்தான் அறிய முடியும்.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு இரண்டு தேவைகள் உள்ளன. ஒன்று, எலோ எனப்படும் தரப்புள்ளி ஒருமுறையேனும் 2500ஐத் தொட வேண்டும். மற்றொன்று, குறைந்தது 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்கள், அதாவது ஒரு போட்டியில் குறிப்பிட்ட உயர்தரத்தில் ஆடியதற்கான தகுதிச் சான்றுகள். வழக்கமாக ஒன்பது சுற்றுப் போட்டிகளில் மூன்று முறை இவற்றைப் பெறுகிறார்கள். ஒரு நார்முக்கு அந்தப் போட்டியில் வெளிப்பட்ட ஆட்டத்தரம் 2600ஆக இருக்க வேண்டும். எதிராளிகளின் சராசரி 2380க்குக் குறையக் கூடாது. ஒன்பது எதிராளிகளில் மூவரேனும் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். இதுவரை யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. இதற்கு மேல்தான் நாட்டுக் கணக்கு வருகிறது. ஒன்பது எதிராளிகளில் சொந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் ஐவருக்கு மேல் இருக்கக் கூடாது. எஞ்சிய நால்வரும் வெளிநாட்டினராக, குறைந்தது இரண்டு கூட்டமைப்புகளிலிருந்து வந்தவர்களாக இருக்க வேண்டும். தேசியச் சாம்பியன் போட்டியின் இறுதிக் கட்டத்துக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. மாநிலச் சாம்பியன் போட்டிக்கு இல்லை.

ஒரே ஊர்க்காரர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு பட்டங்களைப் பங்கிட்டுக்கொள்ளாமல் தடுக்கவே இவ்விதி என்பது அதன் ஆதரவாளர்கள் தரும் விளக்கம். நோக்கம் சரியானதே. ஆனால் இந்த விதியில் நாடு என்பது பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்ற ஓர் உறுப்புக் கூட்டமைப்பு மட்டுமே. அங்கே மக்கள்தொகைக்கோ ஆட்ட வலிமைக்கோ தொலைவுக்கோ இடமில்லை. மொனாக்கோவுக்கும் சான் மரீனோவுக்கும் ஃபேரோ தீவுகளுக்கும் தனித்தனிக் கூட்டமைப்பு உண்டு. ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் ஜெர்சி, கெர்ன்சி ஆகிய சிறு தீவுகளுக்கும் உண்டு. சோவியத் ஒன்றியம் சிதறிய பின், முன்னர் ஒரே கூட்டமைப்பினராக இருந்த ஜார்ஜியரும் ஆர்மேனியரும் உக்ரேனியரும் ஒருவருக்கொருவர் வெளிநாட்டினர் ஆனார்கள்; அவர்களுடைய ஆட்டத்தில் எந்த மாற்றமும் நேராமலேயே, அவர்கள் தமக்குள் ஆடும் ஆட்டங்கள் நார்முக்கு உகந்தவையாகிவிட்டன. தமிழ்நாட்டு வீரருக்கோ காஷ்மீர் எதிராளியும் உள்நாட்டவர், அசாம் எதிராளியும் உள்நாட்டவர். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதே தமிழில் வணக்கம் சொல்லி எதிரே அமர்பவர் வெளிநாட்டவர். பத்து இந்தியக் கிராண்ட்மாஸ்டர்கள் சென்னையில் கூடி, ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் மோதும் முறையில், கசப்பு மிஞ்சும் அளவுக்குக் கடுமையாக ஆடினாலும் அவர்களிடையே அமர்த்தப்பட்ட ஓர் இளைஞருக்கு அதிலிருந்து நார்ம் கிடைக்காது. தளர்ந்துபோன மூன்று ஐரோப்பியக் கிராண்ட்மாஸ்டர்களுக்கும் துணைக்கு இன்னொரு வெளிநாட்டவருக்கும் பயணச் செலவும் படியும் கொடுத்து அழைத்துவிட்டால் கிடைக்கும். ஊழலைத் தடுக்கப் பிறந்ததாகச் சொல்லப்படும் விதி, ஊழலுக்கு மிக எளிதில் இடம் தரும் இரண்டாவது வகைப் போட்டியைத்தான் ஊக்குவிக்கிறது என்பதை அதன் ஆதரவாளர்கள் பேசுவதே இல்லை.

இதன் விளைவை வரைபடத்திலேயே காணலாம். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் தம் பட்டத்தை உறுதிசெய்தார். ஆனால் 2018இல் பிரக்ஞானந்தா தம் பட்டத்தை இத்தாலியின் ஓர்டிசேயில் நிறைவு செய்தார். வைஷாலி மூன்றாவது நார்மைக் கத்தாரிலும் 2500 புள்ளியை ஸ்பெயினிலும் எட்டினார். 2025இல் பட்டம் பெற்ற ஐவரில் ஸ்ரீஹரி ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனிலும், ஹரிகிருஷ்ணன் பிரான்சின் லா பிளாஞிலும், ரோகித் கிருஷ்ணா கசகஸ்தானிலும், இளம்பரிதி போஸ்னியாவின் பியெல்யினாவிலும், ராகுல் பிலிப்பைன்சிலும் நிறைவு செய்தார்கள். குகேஷ் 2019இல் டெல்லியில் நிறைவு செய்தது விதிவிலக்கு. அதுவும் வெளிநாட்டினர் பெருந்திரளாக வந்து கூடும் போட்டி. ஐவரில் ஒருவரேனும் தமிழ்நாட்டு மண்ணில் பட்டத்தை நிறைவு செய்யவில்லை என்னும்போது, அந்த எண்ணிக்கையைத் தமிழ்நாட்டுப் போட்டி அமைப்பின் வெற்றியாகக் காட்டுவது துணிச்சலான வாதம்தான். அதே ஆண்டில் 88ஆவதாக வந்த நாக்பூரின் திவ்யா தேஷ்முக், ஒரு நார்மும் இல்லாமல், பாதுமியில் மகளிர் உலகக் கோப்பையை வென்று நேரடியாகப் பட்டம் பெற்றார் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

நாகர்கோவிலைச் சேர்ந்த ஷ்யாம்நிகிலின் வரலாறு இந்த முறையின் மீதான குற்றப்பத்திரிகையாகவே நிற்கிறது. அவர் 2012இலேயே 2500 புள்ளியை எட்டி இரண்டு நார்ம்களையும் கையில் வைத்திருந்தார். மூன்றாவது நார்ம் 12 ஆண்டுகளுக்குப் பின், 2024இல் துபாயில்தான் வாய்த்தது. அங்கே அவருக்கு ஒரு வெற்றியும் எட்டு டிராக்களும் போதுமானவையாக இருந்தன, ஏனெனில் எதிராளிகளின் சராசரி அவ்வளவு உயரத்தில் இருந்தது. சராசரி 2380ஆக இருக்கும் களத்தில் ஒன்பதுக்கு ஏழு புள்ளிகள் எடுத்தாக வேண்டும். சராசரி 2560ஐ ஒட்டிய களத்தில் ஐந்து புள்ளிகளே போதும். ஆகவே எப்படி ஆடுகிறார் என்பதற்கு நிகராக எங்கே ஆட இடம் கிடைக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. அந்த 12 ஆண்டுகளில் அவருடைய ஆட்டம் எந்த அளவில் இருந்தது என்பதை உள்ளூர் வீரர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பட்டியலுக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சதுரங்கப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அனைவரும் அறிந்த கணக்கு அது. குகேஷின் தந்தை தம் மருத்துவத் தொழிலை நிறுத்திவைத்து மகனுடன் நாடு நாடாகச் சென்றதை இன்று பெருமையாக எழுதுகிறார்கள். அப்படி நிறுத்திவைக்கத் தொழிலோ, தாங்கிக்கொள்ள இன்னொரு வருமானமோ இல்லாத வீடுகளின் பிள்ளைகள் 2350 புள்ளியில் நின்றுபோவதை யாரும் எழுதுவதில்லை.

இவற்றையெல்லாம்விட மோசமான சேதம் மாநிலப் போட்டிக் களத்துக்குத்தான் நேர்ந்திருக்கிறது. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார் என்பது ஒரு செய்தி; அவர் ஒன்பது முறை தேசியச் சாம்பியன் என்பதுதான் அவருடைய தகுதி. அக்காலத்தில் மாநிலச் சாம்பியன் என்பதும் எடையுள்ள பெயராகவே இருந்தது. அவர் 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய டால் சதுரங்க மன்றத்தில் மூத்தவர்களும் சிறுவர்களும் ஒரே மேசையில் ஆடினார்கள்; சிறுவன் ஆனந்த் வளர்ந்தது அந்த மேசைகளில்தான். இன்று மாநிலச் சாம்பியன் போட்டியில் கிராண்ட்மாஸ்டர்களைக் காண்பது அரிது. அவர்களைச் சோம்பேறிகள் என்றோ செருக்குள்ளவர்கள் என்றோ சொல்வது நியாயமாகாது, ஏனெனில் கணக்கே அவர்களை விரட்டுகிறது. 2500 புள்ளி உடைய ஒருவர் 1900 புள்ளி உடைய பள்ளி மாணவனிடம் டிரா செய்தால் அவர் நான்கு புள்ளிகளுக்கு மேல் இழக்கிறார். தோற்றால் ஒன்பதுக்கு மேல். மாணவனுக்கோ, 18 வயதுக்கு உட்பட்ட 2300க்குக் கீழான வீரர்களுக்குரிய விரைவுப் பெருக்கலின்படி, அந்த டிராவிலேயே ஏறத்தாழ 17 புள்ளிகள் கூடுகின்றன. தமிழ்நாட்டு மாணவனின் உண்மையான வலிமை அவனுடைய தரப்புள்ளியைவிடப் பெரும்பாலும் உயர்ந்தது என்பதால் இந்த இழப்பு அடிக்கடி நேர்கிறது. 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழான தரப்புள்ளிகளை ஒருமுறை உயர்த்தியதும், குறைந்தபட்ச அளவை 1400 ஆக்கியதும் இந்தக் கோணலை ஓரளவு ஒப்புக்கொண்ட செயல்களே. ஒரு நார்முக்கும் உதவாத, புள்ளியைக் கரைக்கும், பரிசுத் தொகையும் மெலிந்த போட்டிக்கு எந்தக் கிராண்ட்மாஸ்டர் வருவார்? அவர் வராததால் மாநிலப் போட்டியின் தரம் தாழ்கிறது. தரம் தாழ்ந்ததால் அடுத்த நிலையில் இருப்பவரும் பெட்டியைக் கட்டுகிறார். மாவட்டத்திலிருந்து முதல்முறை வரும் மாணவனுக்கு ஒரு கிராண்ட்மாஸ்டரின் எதிரே ஐந்து மணி நேரம் அமர்ந்து தோற்கும் கல்வி கிடைக்காமல் போகிறது. அந்தக் கல்விக்குப் பயிற்சி மையங்களில் எத்தனை கணினித் திரைகள் இருந்தாலும் ஈடில்லை.

தேசியப் போட்டிக்கும் இதே கதிதான். 2025இல் குண்டூரில் ஈரோட்டு இனியன் தேசியச் சாம்பியன் ஆனார். அவ்வெற்றி, அதே ஆண்டில் வந்த 90ஆவது கிராண்ட்மாஸ்டர் என்ற செய்திக்கு முன் வெளிறிப்போனது. ஒரு நாட்டின் வீரர்களை நேருக்கு நேர் வென்றவரைவிட, ஒரு பட்டியலில் முழு எண்ணாக வந்து நின்றவருக்கு அதிக வெளிச்சம் கிடைப்பது விளையாட்டைப் பற்றிய புரிதலுக்கு அழகன்று.

தமிழ்நாடு இதற்குத் தீர்வு காணவில்லையா என்று கேட்பவர்கள் இரண்டு சான்றுகளை முன்வைப்பார்கள். ஒன்று, சென்னையில் நடக்கும் சர்வதேச ஓபன் போட்டிகள். சுவிஸ் முறை எனப்படும், ஒத்த புள்ளி உடையோரை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடும் போட்டியில், குறைந்தது மூன்று கூட்டமைப்புகளைச் சேர்ந்த 20 வெளிநாட்டினர் ஒவ்வொரு சுற்றிலும் ஆடி, அவர்களில் பத்துப் பேர் பட்டம் பெற்றவர்களாக இருந்தால் நாட்டுக் கணக்கு தளர்த்தப்படும். ஆனால் அந்த 20 பேரைத் திரட்டும் செலவே இத்தகைய போட்டிகளை அரிதாக்குகிறது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் அவர்கள் தொடர்வண்டி ஏறித் தாமே வந்துவிடுவார்கள். மற்றொன்று, 2023இல் அரசின் ஆதரவோடு தொடங்கிய சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி. உயர்ந்த தரத்தில் நடக்கும் போட்டி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அழைப்பின் பேரில் நடக்கும் அதில் ஏற்கெனவே ஏறியவர்களே ஆடுகிறார்கள். 2024இல் தொடங்கிய சேலஞ்சர்ஸ் பிரிவிலும் அதே நிலைதான். 2023 டிசம்பரில், உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் பெறுவதற்கான புள்ளிகள் தேவைப்பட்ட வேளையில், அப்போட்டி குறுகிய அவகாசத்தில் அமைக்கப்பட்டது. குகேஷ் அதை வென்று, டொரண்டோவில் நடந்த அந்தக் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற்றார். விருப்பம் இருந்தால் பணமும் அரங்கும் வீரர்களும் சில நாள்களில் கூடிவிடும் என்பதற்கு அது நல்ல சான்று. அந்த விருப்பம் மாநிலச் சாம்பியன் போட்டியின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

1950இல் முதன்முதலாக 27 பேருக்கு வழங்கப்பட்ட கிராண்ட்மாஸ்டர் பட்டம் இன்று உலகில் ஏறத்தாழ 2000 பேரிடம் இருக்கிறது. புடாபெஸ்ட் போன்ற நகரங்களில் மாதந்தோறும் நார்முக்கென்றே அமைக்கப்படும் பத்துப் பேர் போட்டிகள் ஒரு தொழிலாகவே நடக்கின்றன. உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனையை 2021இல் அபிமன்யு மிஸ்ரா நிறைவு செய்ததும் அந்நகரில்தான். இப்படி அமையும் ஒரு பட்டத்தின் எண்ணிக்கையை மாநிலத்தின் மதிப்பெண் பட்டியலாக நீட்டுவது, விளையாட்டை அறியாத அமைச்சர்களுக்கும் அவசரத்தில் எழுதும் செய்தியாளர்களுக்கும் வசதியாக இருக்கலாம். விளையாட்டை அறிந்தவர்கள் அதற்குத் துணைபோவதற்கு மன்னிப்பில்லை.

விதி ஃபிடேயுடையது, மாநிலத்தால் என்ன செய்ய முடியும் என்பது கடைசிப் பதிலாக வருகிறது. பெரிய கூட்டமைப்புகளின் உள்வட்டாரப் போட்டிகளுக்கும் தேசியப் போட்டிக்குரிய விலக்கைக் கோரி வாதாட இந்தியக் கூட்டமைப்புக்கு இன்று வலிமை உண்டு. ஜெர்மானியக் குழுப் போட்டித் தொடரான பண்டஸ்லிகாவில் தமிழ்நாட்டு வீரர்கள் சென்று ஆடுகிறார்கள். 38 மாவட்டங்கள் உள்ள மாநிலத்தில் அத்தகைய குழுப் போட்டியை அமைக்க வெளிநாட்டு ஒப்புதல் எதுவும் வேண்டாம். இவை காலம் எடுக்கலாம். பட்டம் பெற்றவர்களுக்கு அரசு அளிக்கும் பரிசுத் தொகையிலும் உதவித்தொகையிலும், பெறுபவர் ஆண்டுதோறும் மாநிலச் சாம்பியன் போட்டியில் ஆட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதற்கு ஓர் அரசாணை போதும். அதை அடுத்த ஆண்டுப் போட்டிக்கு முன்பே பிறப்பிக்க வேண்டும்.