மதிப்பெண்ணும் சான்றும்: குர்குமின்–புரதப் பிணைப்பு பற்றிய கணிப்பொறி ஆய்வுகள்

தாவரச் சேர்மம் ஒன்று நோய்க்குக் காரணமான புரதத்தின் எப்பகுதியில், எந்நிலையில் அமரும் என்பதைக் கணிப்பொறி வழியே கணிப்பது, டாக்கிங் எனப் பரவலாக வழங்கும் மூலக்கூற்றுப் பொருத்தாய்வு ஆகும். ஆய்வகச் செலவின்றி ஒரு மடிக்கணினியிலேயே முடிந்துவிடுவதால் ஆய்வேடுகளில் இதற்குப் பெரிய இடம் கிடைத்துள்ளது. மஞ்சளின் குர்குமின் இவ்வகை ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் மூலக்கூறு. இவ்வாய்வுகளின் குறை கருவியில் இல்லை. முடிவுரையின் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘பொருந்தக்கூடும்’ என்று நிற்க வேண்டிய இடத்தில் ‘தடுக்கிறது’ என்று எழுதப்படுகிறது.

பொருத்தாய்வு தரும் எண்ணின் இயல்பை முதலில் நோக்க வேண்டும். டிராட், ஓல்சன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆட்டோடாக் வீனா, பிணைப்பாற்றலைக் கிலோகலோரி/மோல் அலகில் மதிப்பிடுகிறது. அவர்களே அறிவித்த திட்டப்பிழை ஏறத்தாழ 2.85 கிலோகலோரி. அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி வேறுபாடு பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு வேறுபாட்டுக்குச் சமம். எனவே –8.0 என்ற மதிப்பெண், பிரிகை மாறிலியில் சுமார் 1.4 மைக்ரோமோலாரைக் குறித்தாலும், பிழையைச் சேர்த்தால் 11 நானோமோலார் முதல் 170 மைக்ரோமோலார் வரை எதுவாகவும் இருக்கலாம். நல்ல மருந்தும் பயனற்ற சேர்மமும் இவ்விடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இந்நிலையில் –7.4 பெற்ற சேர்மத்தைவிட –7.9 பெற்றது சிறந்தது எனத் தரவரிசைப்படுத்துவதற்கு அடிப்படை இல்லை.

கொரோனா வைரசின் முதன்மைப் புரோட்டியேசு பற்றிய ஆய்வுகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. 2020இன் தொடக்கத்தில் வெளியான 6LU7 என்னும் படிக அமைப்பில், என்3 என்ற தடுப்பான் சிஸ்டீன் 145உடன் சகப்பிணைப்பால் இணைந்துள்ளது. வீனாவின் வழக்கமான செயல்முறையோ சகப்பிணைப்பைக் கணக்கில் கொள்வதில்லை; புரதத்தையும் அசையாததாகவே வைத்துக்கொள்கிறது. இவ்வமைப்பில் என்3ஐ மீண்டும் பொருத்தி, அதன் மதிப்பெண்ணைக் குர்குமினின் மதிப்பெண்ணுக்கு அளவுகோலாக்குவது வெவ்வேறு இயல்புடைய இரண்டை ஒரே தட்டில் நிறுப்பதாகும்.

அதனினும் அடிப்படையான வினா, பொருத்தப்படும் மூலக்கூறு எது என்பது. குர்குமின் கரைசலில் பெரும்பாலும் ஈனால் வடிவில் உள்ளது. தரவுத்தளத்திலிருந்து டைகீட்டோ வடிவத்தை எடுத்துப் பொருத்தினால் வடிவமும் ஹைட்ரஜன் பிணைப்பும் மாறிவிடும். சீரம் இல்லாத ஊடகத்தில், pH 7.2இல், 37 பாகை வெப்பநிலையில் அது 30 நிமிடங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிதைவதை வாங் முதலியோர் 1997இல் காட்டினர். சிதைவில் வனிலின், ஃபெருலிக் அமிலம் முதலியன தோன்றுகின்றன. புரதக் குழியில் முழுமையாக அமர்ந்திருக்கும் வண்ணப்படம் இவ்வேதியியல் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆய்வகச் சோதனை இவ்வையங்களைத் தானே தீர்த்துவிடும் என்றும் கருதலாகாது. குர்குமின் தானே ஒளிர்வது, உலோக அயனிகளைப் பற்றுவது, திரள்வது, புரதங்களின் தயோல் தொகுதிகளோடு வினைபுரியவும் வல்லது. ஆகவே பல சோதனைகளில் அது பொய்யான செயற்பாட்டைக் காட்டக்கூடும். நெல்சன் முதலியோர் 2017இல் வெளியிட்ட மதிப்பீடு இதை விரிவாகக் கூறியதுடன், 120க்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், மருந்துப்போலியுடன் ஒப்பிட்ட இருமுகமறைப்புச் சோதனை எதுவும் வெற்றி பெறவில்லை என்றும் சுட்டியது. அம்மதிப்பீட்டுக்கு மறுப்புகளும் எழுந்தன. ஆயினும் அது எழுப்பிய வேதியியல் ஐயங்களைப் பொருத்தாய்வு மதிப்பெண் தொடுவதே இல்லை.

100 நானோநொடி மூலக்கூற்று இயக்கவியல் உருவகத்தைச் சேர்த்துவிட்டால் வலுக்கூடிவிடும் என்ற எண்ணமும் நிலவுகிறது. அக்கால அளவில் வெளியேறாமல் இருந்தது, அங்கு நன்கு பிணைந்தது என்பதற்குச் சான்றாகாது. பலவீனமான மூலக்கூறும் அத்தனை நேரம் அங்கே தங்கக்கூடும்.

மதிப்பீட்டாளர்கள் கேட்கவேண்டியவை எளியவை. அதே அளவும் அதே இயல்பும் கொண்ட போலிச் சேர்மங்களைப் பொருத்தியபோது என்ன மதிப்பெண் கிடைத்தது? எந்த வடிவம், எந்தப் புரோட்டானேற்ற நிலை எடுக்கப்பட்டது? சிதைவுப் பொருள்கள் பொருத்தப்பட்டனவா? இவற்றுக்கு விடையில்லாத கட்டுரையின் தலைப்பில் ‘தடுப்பான்’ என்ற சொல் இருந்தால், அச்சொல்லை நீக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவதே முறை.